வீட்டுக்குள் நுழையாத வேன்

என்னை அமெரிக்காவுக்கு அனுப்பியதற்கு என் திறமைதான் காரணம் என்று அம்பத்தூரில் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை நான் திருத்தவில்லை. உண்மைக் காரணம் வேறு. என் மனைவியின் அண்ணன் நியூஜெர்சியில் இருந்தார். கல்லூரியில் என்னோடு படித்த சுந்தர் கலிபோர்னியாவில் இருந்தான். அக்கா மகள் மீனா டெக்ஸாஸில் இருந்தாள். மூன்று ஊரிலும் ஓட்டல் செலவு கிடையாது. எங்கள் முதலாளி தங்கவேலு ஆள் தேர்ந்தெடுக்கும் விதம் அப்படி.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் தொழிற்சாலை வேன்களுக்குக் கதவு செய்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், எங்களிடம் பின்கதவு வாங்கியது. அவர்களுடைய வேன் உயரம் அதிகம், அகலம் குறைவு, மூக்கு சப்பை, உள்ளே சின்ன டீசல் எஞ்சின். ஆனால் சரக்கு ஏற்றும் இடத்தில் ஒரு ஆள் குனியாமல் நிமிர்ந்து நிற்கலாம். அந்தக் கம்பெனிக்குத் திடீரென்று அமெரிக்க ஆசை வந்துவிட்டது. வெள்ளோட்டம் பார்க்க அங்கே சில கடைக்காரர்களுக்கும் தொழில் செய்கிறவர்களுக்கும் ஆளுக்கொரு வேன் கொடுத்திருந்தது.

அமெரிக்காவில் வேன் விற்றால் எங்களுக்குக் கதவு ஆர்டர் குவியும். குவிந்தால் செய்து கொடுக்க ஒரு ராட்சத பிரஸ் மிஷின் வேண்டும். மிஷின் வாங்கத் தொழிற்சாலையையே அடமானம் வைக்க வேண்டும்.

"ஐரோப்பாக்காரன் சொல்றதை நம்பி நான் ஷெட்டை அடகு வைக்க முடியாது. நீ போய்ப் பாரு, சாமிநாதா. அந்த வேன் அங்க போகுமா, போகாதா? திரும்பறதுக்கு முன்னாடி போன்ல ஒரே வார்த்தை. ஜோக் மட்டும் அடிக்காதே" என்றார் முதலாளி.

கடைசி வரிதான் உறுத்தியது. அந்தத் தொழிற்சாலையில் என்னை இவ்வளவு வருஷம் வைத்திருந்ததே நான் அடிக்கும் ஜோக்குக்காகத்தான் என்பது எனக்குத் தெரியும். என் ஒரு வார்த்தையை நம்பி ஒரு மனிதர் ஷெட்டை அடகு வைக்கப்போகிறார் என்று நினைத்தபோது விமானத்தில் கொடுத்த ரொட்டிகூட இறங்கவில்லை. பக்கத்து ஸீட்காரர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நியூஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் என்ற ஊரில் மைத்துனர் கணேசன் வீடு. மருந்துக் கம்பெனியில் வேலை. அவர் மனைவி கமலா அக்கா முதல் நாள் காலை உப்புமா செய்தார். "இங்க நல்ல ரவை கிடைக்காது தம்பி. குழந்தைங்களுக்குக் கஞ்சி காய்ச்சற பாக்கெட்தான். பெருங்காயம் தூக்கலாப் போட்டா தெரியாது" என்றார். தெரிந்தது. இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன்.

அவர்கள் வேலைக்குப் போனதும் நான் ஆராய்ச்சிக்குக் கிளம்பினேன். வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஹைவேக்கு மேலே ஒரு பாலம். மெட்ராஸில் மேம்பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு வண்டிகளை வேடிக்கை பார்ப்பது எனக்குப் பழக்கம். இங்கேயும் சாய்ந்தேன். கீழே போன வேன்களெல்லாம் தாழ்வாக, அகலமாக, நீண்ட மூக்கோடு போயின. எங்கள் வேன் மாதிரி நிமிர்ந்த உருப்படி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பயம் அதிகமாகி இன்னும் எட்டிப் பார்த்தேன்.

பின்னால் ஒரு போலீஸ் கார் மெதுவாக வந்து நின்றது. இறங்கிய அதிகாரி என் வயதுக்காரர், மிகவும் மென்மையாகப் பேசினார்.

"இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள், சார்?"

இந்த ஊரில் போலீஸ்காரர் எவ்வளவு அன்பாக விசாரிக்கிறார் என்று எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. உள்ளதைச் சொன்னேன். "ரொம்பக் கவலையாக இருக்கிறது."

"எவ்வளவு நாளாக?"

"மெட்ராஸை விட்டுக் கிளம்பியதிலிருந்து. விமானத்தில் சாப்பாடே இறங்கவில்லை."

"கீழே என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?"

"உயரம்" என்றேன்.

அவர் ஒரு அடி நெருங்கி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டில் உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்களா?"

"இருக்கிறார்கள். ஆனால் இந்த முடிவை நான் தனியாகத்தான் எடுக்க வேண்டும்."

பிடி இறுகியது. அதற்குப் பிறகு நான் வேன், கதவு, அடமானம் என்று என்ன விளக்கியும் அவர் கையை விடவில்லை. கணேசன் ஆபீஸிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டு என்னை மீட்டுக்கொண்டு போனார்.

"மாப்ளே, இந்த ஊர்ல ஒருத்தன் தனியா பிரிட்ஜ் மேல நின்னு கீழே எட்டிப் பார்த்தா குதிக்கப் போறான்னு அர்த்தம்."

"டிராபிக் பார்க்கறதுன்னா?"

"வீட்ல டிவி இருக்கு, அதுல பாருங்க."

அவர் மகள் பிரியாவுக்கு நாம் பேசும் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அன்று மாலை தோழிக்குப் போன் போட்டு, எங்கள் மாமாவைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை கணேசன் என்னைப் பக்கத்து டவுனில் இருந்த டோனியிடம் அழைத்துப் போனார். டோனி குழாய் வேலை செய்பவர். வெள்ளோட்ட வேன் அன்று காலையில்தான் அவர் கைக்கு வந்திருந்தது. உள்ளே ஏறி நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, சோம்பல் முறித்துக் காட்டினார். பழைய வேனில் முட்டி போட்டே வேலை செய்து முட்டி இரண்டும் போய்விட்டதாம். "இந்த வண்டியை எனக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள்" என்றார். என் கவலை அப்படியே பாதியாகக் குறைந்தது. மனதுக்குள் முதலாளிக்கு 'போகும்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

"வாங்க, வண்டியை வீட்டில் விட்டுவிட்டுக் காபி சாப்பிடலாம்" என்றார் டோனி. அவர் வசித்த தெருவில், தொழிலுக்கு ஓட்டும் வண்டி எதையும் இரவில் வாசலில் நிறுத்தக்கூடாது என்று விதி. தெருவின் அழகு கெட்டுவிடுமாம். அதனால் டோனி தன் பழைய வேனைத் தினமும் வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் விட்டுக் கதவை இறக்கிவிடுவார். தாழ்ந்த வேன், அலுங்காமல் போய்விடும்.

இப்போது புது வேனை மெதுவாகக் கராஜுக்குள் விட ஆரம்பித்தார். நான் உபகாரமாகப் பின்னால் நின்றேன். வண்டியின் தலையும் கராஜின் நெற்றியும் நெருங்குவது எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் இந்த மாதிரி நேரத்தில் கிளீனர் என்ன செய்வார்? தகரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். டிரைவர் அந்தக் கணமே நிறுத்துவார். நானும் எங்கள் பின்கதவில், எங்கள் அம்பத்தூர் கதவில், ஓங்கித் தட்டினேன்.

பின்னாலிருந்து எதுவோ வந்து இடித்துவிட்டது என்று பதறி டோனி வண்டியை முன்னால் விட்டார்.

சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். கூரையின் முன்பக்கம் சப்பளிந்து, கராஜ் நெற்றியிலிருந்து ஒரு பலகை பிய்ந்து தொங்கியது. கணேசன் கண்ணை மூடிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்ட வேகத்தில் பாதி தமிழில் கேட்டிருக்கிறேன். டோனி இறங்கி, கூரையைப் பார்த்து, கராஜைப் பார்த்து, தன் கையை விரித்து இடைவெளியை அளந்தார். நான் தட்டாமல் இருந்திருந்தாலும் ஒரு சாண் உயரம் அதிகம். அந்த வண்டி அந்த வீட்டுக்குள் எப்படியும் போயிருக்காது.

"கதவு பிரமாதம்" என்றார் டோனி. "அவ்வளவு ஓங்கி அடித்தும் ஒரு கீறல் இல்லை. கூரையை மட்டும் வெளியே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும்."

திரும்பும்போது கணேசனின் தெருவில் வரிசையாக ஒவ்வொரு கராஜாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாம் அதே உயரம். அன்று ராத்திரி கமலா அக்கா பிஸ்ஸா வரவழைத்து அதற்கு மாவடு வைத்துக்கொண்டார். சேர்ந்தது. என்னால் ரசிக்க முடியவில்லை.

கலிபோர்னியாவில், பிளசன்டன் என்ற ஊரில், சுந்தர் என்னைக் கட்டிப்பிடித்து, "என்னடா சாமி, குதிக்கப் போனியாமே" என்றுதான் வரவேற்றான். கணேசன் முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டிருந்தார். சுந்தரின் மனைவி வசந்தா, பச்சையாகக் கத்தரிக்காய் மாதிரி ஒரு பழத்தை அறுத்து, வெண்ணெயாக மசித்து, பச்சைமிளகாய் போட்டுச் சட்னி செய்திருந்தாள். தோசைக்கு அப்படி ஒரு ஜோடி. "ஊர்ல போய் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க அண்ணே" என்றாள். சொன்னேன். நம்பவில்லை.

இங்கே வேன் வைத்திருந்தது லிண்டா என்ற பூக்கடைக்காரி. உயரமான செடிகளைத் தொட்டியோடு நிற்க வைத்து ஏற்றுகிறாள். பழைய வேனில் செடியைப் படுக்கப் போட்டுப் பாதி இலை உதிர்ந்துவிடுமாம். இந்த வேனை அவள் பெண் குழந்தை மாதிரி 'அவள்' என்றே சொன்னாள். கராஜ் விஷயத்தைக் கேட்டேன். கடைக்குப் பின்னால் திறந்த இடம் இருக்கிறது, கவலை இல்லை என்றாள். என் உயிர் திரும்பி வந்தது.

"மலைக்கு அந்தப் பக்கம் ஒரு டெலிவரி இருக்கிறது, கூட வருகிறீர்களா?" என்றாள். போனேன்.

கிழக்கே போகும் கணவாயில், மஞ்சள் புல் மூடிய குன்றுகளின் மேல் காற்றாடிகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. மின்சாரம் எடுக்கிறார்களாம். காற்றாடியை ஒருவன் எங்கே நடுவான்? காற்று அடிக்கிற இடத்தில். இது எனக்கு வேன் முதல் வளைவைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. ஒரு அலமாரிக்குச் சக்கரம் வைத்துப் புயலில் தள்ளிவிட்ட மாதிரி வண்டி பக்கத்து லேனுக்கு நகர்ந்தது. லிண்டா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடினாள். பின்னால் தொட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. நான் முருகனில் ஆரம்பித்து, எனக்குத் தெரிந்த ஊர்க் கோவில்களையெல்லாம் முடித்து, பழக்கமில்லாத சாமிகளுக்கும் போய்விட்டேன்.

"இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் ஆடுவாள்" என்றாள் லிண்டா.

"என்றைக்காவதுதானே இப்படிக் காற்று?"

"கோடையில் தினமும் மத்தியானம். அந்த நேரத்தில் நான் பழைய வேனை எடுத்துவிடுவேன். இன்றைக்கு உங்களுக்காகத்தான் இவளை எடுத்தேன்."

திரும்பி வரும்போது ஏற்றம். சின்ன எஞ்சின் மூச்சு வாங்கியது. பின்னால் வந்த பெரிய லாரி ஹாரனை அழுத்திய அழுத்தலில் என் காதில் இரண்டு நாள் இரைச்சல் அடங்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் சுந்தரிடம் புலம்பினேன். அவனுக்கு ரொம்பத் தெளிவாக இருந்தது.

"டேய், எதைப் பார்த்தாலும் யெஸ்னு சொல்லிடு. நோ சொன்னவனுக்கு எந்தக் கம்பெனியும் பிரமோஷன் கொடுத்ததில்லை."

"ஷெட்டு போயிடும்டா."

"ஷெட்டு அவரோடது. வேலை உன்னோடது. சேல்ஸ் ஆகலைன்னா மார்க்கெட் டவுன்னு சொல்லு. எல்லாரும் அதைத்தான் சொல்றோம்."

எனக்கு ஆசையாக இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. நான் கிளம்புவதற்கு முன்பே சக ஊழியர்கள் 'ஏற்றுமதி மேலாளர்' என்று ஒரு பெயர்ப் பலகை எழுதி ஸ்டோரில் வைத்திருந்தார்கள். கேலிக்குத்தான். ஆனால் எழுத்து அழகாக வந்திருந்தது. போகும், போகாது, இரண்டு வார்த்தையையும் படுக்கையில் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். 'போகாது' என்று சொல்லும்போதெல்லாம் அந்தப் பலகை கண்முன் வந்தது.

ஹூஸ்டன் விமான நிலையத்துக் கதவைத் தாண்டியதும் யாரோ ஈரக் கம்பளியை முகத்தில் போர்த்தின மாதிரி இருந்தது. மெட்ராஸ்காரனுக்கு வெயில் காட்டுகிறார்களா என்று சிரித்தவன், கார் வரைக்கும் நடப்பதற்குள் அடங்கிவிட்டேன். மீனா டாக்டர். ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததுமே உத்தரவு போட்டாள்.

"மாமா, இங்க எங்கயும் நடந்து போகாதீங்க, ப்ளீஸ். பிரிட்ஜ் பக்கமே போகாதீங்க. நியூஜெர்சி கதை அம்மா வரைக்கும் போயிடுச்சு. அம்மா பழனிக்கு வேண்டிக்கிட்டு இருக்காங்க."

மூன்றாவது வேன் அன்ரன் என்பவரிடம் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணம், தேவாலயத் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் சமைத்து அனுப்புகிறவர். மீனா என்னை அவருடைய சமையல்கூடத்தில் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"வாங்கோ, வாங்கோ. கதவுக்காரர் நீங்கள்தானே?" என்று அகப்பையோடு வந்து கையைப் பிடித்துக்கொண்டார் அன்ரன். விசாரணைக்கு முன்னால் சாப்பாடு. இடியப்பம், சொதி, சம்பல். வந்த வேலையை மறந்து மூன்று தடவை போட்டுக்கொண்டேன்.

"வேன் எங்கண்ணே?"

"பின்னுக்கு நிக்குது."

"ஓடுதா?"

"ஓடினது. நல்லாத்தான் ஓடினது. ஆனா பெரிய ரோட்டில ஏறினா எல்லாரும் என்னைக் கடந்து போயிடுவினம். ஒருநாள் ஒரு கிழவி கைகாட்டிப்போட்டுப் போனவ. பிறகு எஞ்சின் பெல்ட் அறுந்துது. இங்க ஒரு மெக்கானிக்கும் தொடமாட்டன் எண்டுறான். சாமான் கப்பல்ல வருதாம். கப்பல் எங்க நிக்குதோ ஆண்டவருக்குத்தான் தெரியும்."

"அப்ப திருப்பிக் கொடுத்திடுவீங்களா?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? இப்பிடி ஒரு அறை எனக்கு ஆர் கட்டித் தருவினம்?"

பின்னால் போய்ப் பார்த்தேன். வேப்பமரம் மாதிரி ஏதோ ஒரு மரத்தடியில் வேன் நின்றது. சக்கரங்களைச் சுற்றிப் புல் வளர்ந்துவிட்டது. உள்ளே இரண்டு பக்கமும் பலகை அடித்து அரிசி மூட்டை, பருப்பு, தேங்காய்ப்பால் டப்பா, மிளகாய்த்தூள் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. நடுவில் அன்ரன் நிமிர்ந்து நின்று மேல்தட்டில் கை வைத்தார். அவருடைய ஆட்கள் வந்து கதவைத் திறப்பதும் எடுப்பதும் சாத்துவதுமாக இருந்தார்கள். அந்த வண்டியிலேயே அசைந்துகொண்டிருந்தது கதவு ஒன்றுதான்.

மறுநாள் எனக்கு விமானம். முதலாளிக்கு வார்த்தை சொல்ல வேண்டிய காலை. மீனா வீட்டுப் போனை ஆஸ்பத்திரிக்காக எப்போதும் காலியாக விட்டு வைத்திருக்க வேண்டும். "என்ர போனிலயே எடுங்கோ, காசுக் கதை வேண்டாம்" என்று அன்ரன் சொல்லியிருந்தார். அவருடைய சமையல்கூடத்துச் சுவரில் இருந்த போனுக்கு அனுமார் வால் மாதிரி ஒரு நீண்ட வயர். உள்ளே மிக்ஸி சத்தம். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே பின்வாசல் வழியாக நடந்து, வேனுக்குள் ஏறி, ஒரு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். அம்பத்தூரில் அப்போது சாயங்காலம். மணி அடித்தது. எடுத்தவர் வணக்கம் சொல்லவில்லை.

"போகுமா, போகாதா?"

"போகாது, முதலாளி."

என் குரலே கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து என் காதில் 'போகாது, முதலாளி' என்றது.

"ஏன்?"

"வீட்டுக்குள்ள நுழையாதுங்க."

முதலாளி சிரித்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. எத்தனையோ மீட்டிங்கில் நான் பாடுபட்டு வரவழைத்த சிரிப்பு. "ஜோக் அடிக்காதேன்னு சொன்னேனேடா!"

"ஜோக் இல்லீங்க. கராஜை விட ஒரு சாண் உயரம். கலிபோர்னியாவுல காத்துல பக்கத்து லேனுக்குப் போயிடுது. ஏத்தத்துல மூச்சு வாங்குது. டெக்ஸாஸ்ல பெல்ட் கிடைக்காம நின்னு புல் முளைச்சுப் போச்சு. இப்ப அரிசி மூட்டை வைக்கிற ரூம் ஆக்கிட்டாங்க. நான் அதுக்குள்ள இருந்துதான் பேசறேன்."

நான் சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் இருந்த யாரிடமோ, "சாமிநாதன் சொல்றதைக் கேளு, வேன்ல அரிசி மூட்டையாம்" என்று மூச்சுத் திணறச் சொன்னார். அங்கேயும் ஒருவர் சிரித்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மனிதரைச் சிரிக்காமல் இருக்க வைக்க எனக்கு வழி தெரியவில்லை.

"முதலாளி" என்றேன். "மிஷின் வாங்காதீங்க. ஷெட்டு போயிடும்."

மறுமுனையில் சிரிப்பு சட்டென்று நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு இருமலில் முடிந்தது.

"நீ சிரிக்கலையா?"

"இல்லீங்க."

"எவனும் வாங்க மாட்டானா?"

"உள்ள நின்னு பார்த்தவங்க அத்தனை பேருக்கும் பிடிக்குது. ஆனா அது ஓடணும்னா இவங்க வீட்டைப் பெரிசாக் கட்டணும், இல்லைன்னா கம்பெனிக்காரன் பெரிய எஞ்சின் வைக்கணும், ஊருக்கு ஊரு மெக்கானிக் வைக்கணும். ஒரு காலத்துல நடக்கும். நம்ம அடமானம் அதுவரைக்கும் தாங்காதுங்க."

பிறகு அவர் கேட்டார், கொஞ்சம் தணிந்த குரலில்.

"நம்ம கதவு?"

போனை வயரோடு பின்பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கதவை இழுத்துச் சாத்தினேன். வயர் நசுங்காமல் இரட்டைக் கதவில் ஒன்றைத் திறந்தபடி விட்டுவிட்டு மற்றதை. உதறல் இல்லாமல், தகரச் சத்தம் இல்லாமல், 'தொப்' என்று ஒரே சத்தம்.

"இன்னொரு தடவை" என்றார் முதலாளி.

திறந்து மறுபடியும் சாத்தினேன்.

"ம்" என்றார். "நல்லாத்தான் சாத்துது." பிறகு, "சரி, மிஷின்காரனை வரவேண்டாம்னு சொல்லிடறேன். நீ பத்திரமாக் கிளம்பி வா. பாலத்துப் பக்கம் போகாதே" என்றார்.

அந்தக் கதை அம்பத்தூர் வரைக்கும் போயிருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்திருந்தபோது, வெளியே அன்ரன் சாத்தின கதவைத் தட்டினார். எங்கள் ஊர் கிளீனர் மாதிரி ஓங்கி ஒரே தட்டு.

"ஏன் ஐயா சும்மா சும்மா சாத்துறீர்? திறவும். எனக்கு அரிசி எடுக்கோணும்."